இரண்டாம் முறை வாக்குக் கேட்கப் போனபோது

முதன்முறையாகத் தேர்தலில் நிற்கிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அவன் அதுவரையில் எதுவும் செய்ததில்லை. ஒன்றும் செய்யாதவன்மீது என்ன குற்றத்தைச் சொல்வது? ஆகவே ஜனங்கள் அவனுடைய பேச்சைப் பொறுமையாகக் கேட்கிறார்கள். சிலர் மோர்கூடக் கொடுக்கிறார்கள். அதே மனிதன் ஐந்து வருஷம் பதவியில் இருந்துவிட்டு, அதே கும்பிடோடும் முன்னைவிடச் சற்று நரைத்த தலையோடும் அதே வாசற்படியில் மறுபடியும் போய் நிற்கும்போது, அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பாகவே அந்த ஐந்து வருஷம் உள்ளே போய்க் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்.

1996ஆம் வருஷம் அக்டோபரில் எங்கள் நகராட்சிக்குச் சுயேச்சைக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2001 அக்டோபரில் அதே வார்டில் மீண்டும் நின்ற அனுபவத்தைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். காவிரிப் பாசனத்திலுள்ள ஒரு நடுத்தரமான ஊர் என்பதற்குமேல் ஊரைப்பற்றிச் சொல்வதாக உத்தேசமில்லை. இதில் வருகிறவர்களில் பலர் இன்றும் அங்கேயே குடியிருக்கிறார்கள், எனக்கும் அங்கேதான் ரேஷன் கார்டு.

நான் முதலில் நின்ற காலத்தின் நிலைமையை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு 1986இல் நடந்த தேர்தலில் வந்தவர்களின் காலம் 1991இல் முடிந்த பிறகு, ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தேர்தல் என்பதே இல்லை. தனி அலுவலர் என்ற பெயரில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்பது எங்களுக்குத் தெரியாது. அவரைப் பார்த்தவர்களே எங்கள் தெருவில் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லையென்றால், நகராட்சி அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்குப் போய், கடைசியில் ஒரு கனத்த நோட்டுப் புத்தகத்தில் புகாரை எழுதிவிட்டு வரவேண்டும். நோட்டுப் புத்தகம் நிரம்பியதேயொழிய விளக்கு எரிந்ததில்லை. அப்படியிருக்கையில், அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்றும், இடங்களில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு என்றும் விதி ஏற்பட்டது. அதன்படி நடந்த முதல் தேர்தல்தான் 1996இல் வந்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராக இருந்து ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. வார்டிலிருந்த வாக்காளர்களில் பாதிப் பேர் என்னிடம் பிரம்படி பட்டவர்கள். கட்சிக்காரர்கள் தங்களுக்குள் பிளவுபட்டு நின்றார்கள். அடி வாங்கியவர்கள் வஞ்சம் தீர்க்காமல் வாக்களித்தது அவர்களுடைய பெருந்தன்மை.

கவுன்சிலர் என்றால் என்ன அதிகாரம் உண்டு என்று ஜனங்கள் நினைக்கிறார்களோ, அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அப்போது அமலில் இருந்த 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி நிர்வாக அதிகாரம் கமிஷனருக்கு. கவுன்சிலர் மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், தீர்மானத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ கை தூக்கலாம், கோபம் வந்தால் வெளிநடப்புச் செய்யலாம். ஒரு குழாய் பிட்டரைக் கூப்பிட்டு, 'இந்த வாஷரை மாற்று' என்று உத்தரவிடும் உரிமை அவருக்கு இல்லை, வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் சம்பளமும் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் சொற்பமாக ஒரு படி உண்டு. பொதுக்கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்தியவர்கள், ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாயிருந்துதான் பொதுவாழ்வில் மேலே வந்தார்கள் என்று பழைய சரித்திரத்தை எடுத்துச் சொல்லி என்னைக் கூச்சப்பட வைப்பார்கள். அந்தச் சரித்திரம் வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பெரியவர்கள் வீட்டுக் கதவையும் விடியற்காலை நாலரை மணிக்கு யாராவது தட்டி, "ஐயா, குழாயில காத்துதான் வருது" என்று சொல்லியிருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு.

அதிகாரம் இல்லாவிட்டாலும் வேலை இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வேண்டும், முதியோர் உதவித் தொகை மூன்று மாதமாக வரவில்லை, வீட்டு வரி வேறொருவர் பெயரில் வந்திருக்கிறது, பன்றி கிணற்றடிக்கு வருகிறது, மயானத்தில் விளக்கில்லை. இவ்விதமாக வந்தவர்களில் பாதிப் பேருடைய காரியம் நகராட்சியைச் சேர்ந்ததே அல்ல. தாலுகா ஆபீஸ் காரியத்துக்கும் மின்சார வாரியத்துக் காரியத்துக்கும் என்னிடந்தான் வந்தார்கள். இது என் வேலை அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் எப்போது வரட்டும் என்று கேட்டார்கள். சர்க்கார் என்பது அவர்களுக்கு ஒன்றே. அதில் விலாசம் தெரிந்த ஆள் நான் ஒருவன்.

செய்த காரியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், சாக்கடையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பூமி தட்டு வைத்தாற்போல் சமதளமானது. அங்கே தண்ணீருக்கு எந்தத் திசையில் போவது என்று தானாகத் தெரியாது, வாட்டம் பார்த்து நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வார்டின் மேலண்டைத் தெருவுக்குச் சிமெண்டுச் சாக்கடை வேண்டுமென்று இரண்டு வருஷம் மன்றத்தில் மன்றாடி, ஒருவாறு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, வேலையும் முடிந்து, திறப்பு விழா என்று ஒன்றும் வைக்காமலே தண்ணீர் விட்டுப் பார்த்தபோது, தெருக்கோடிக்குப் போகவேண்டிய தண்ணீர் தெருமுனைக்கே திரும்பி வந்தது. ஒப்பந்தக்காரர் மட்டம் பார்த்த ஆளைக் குறை சொன்னார். மட்டம் பார்த்த ஆள் பூமியைக் குறை சொன்னான். அதை உடைத்து மறுபடி போடுவதற்குள் இன்னும் ஒரு மழைக்காலம் போய்விட்டது. பிற்பாடு அந்தச் சாக்கடை ஒழுங்காகவே ஓடிற்று. ஆனால் அது தலைகீழாக ஓடிய அந்த ஒரு மழைக்காலந்தான் தெருவின் ஞாபகத்தில் தங்கியது.

நமக்கு நாமே திட்டம் 1997-98இல் வந்தபோது, பொதுமக்கள் ஒரு பங்கு பணம் கட்டினால் மீதியைச் சர்க்கார் போடும் என்றார்கள். கடைத்தெருக்காரர்கள் ஒரே வாரத்தில் பங்கைத் திரட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் தெருவுக்குச் சிமெண்டு ரோடு வந்தது. கீழண்டையில் கூலிவேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் சந்துக்கு அந்தப் பங்கு கூடவில்லை. பணம் கொடுக்கக்கூடியவன் தெருவுக்கு முதலில் ரோடு, கொடுக்க முடியாதவன் தெருவில் சேறு என்பதில் எனக்குச் சம்மதமில்லை. நகராட்சிப் பொது நிதியிலிருந்து சந்துக்குச் சரளைக் கல்லாவது போடச் செய்தேன். ஆயினும் சிமெண்டின் பக்கத்தில் சரளையை வைத்துப் பார்க்கும்போது, அதைப் பெற்றவர்களுக்கு உபகாரமாகத் தோன்றுமா, அவமானமாகத் தோன்றுமா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைக் காட்டிலும் என்மேல் அதிகக் கோபத்தைக் கொண்டுவந்து சேர்த்த காரியங்கள் இரண்டு. ஒன்று வரி. 1998 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மாநிலம் முழுவதும் சொத்து வரியைப் பொதுச் சீராய்வு செய்தார்கள். எங்கள் மன்றத்திலும் தீர்மானம் வந்தது. வெளிநடப்புச் செய்தவர்கள் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருக்க, நான் உள்ளேயே இருந்து ஆதரவாகக் கை தூக்கினேன். குழாய்க்கும் விளக்குக்கும் ஆளுக்கு முன்னால் கேட்டுவிட்டு, அதற்கான பணத்தை மட்டும் ஆகாயத்திலிருந்து எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. ஆனால் உயர்த்திய வரிக்கான நோட்டீஸ் வீட்டுக்கு வீடு வந்தபோது, பில் கலெக்டர், "எங்களை ஏன் சார் கேக்கிறீங்க? உங்க கவுன்சிலர் ஓட்டுப் போட்டுத்தானே வந்துச்சு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

மற்றொன்று குளம். எங்கள் வார்டின் நடுவே ஒரு பழைய குளம் இருக்கிறது. ஆற்றிலிருந்து அதற்கு வரும் வாய்க்காலின்மேல் பலகை போட்டு, கொட்டகை கட்டி, பல வருஷங்களாகக் கடைகள் நடந்துவந்தன. குளம் வற்றினால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளும் வற்றும் என்பது அங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். கொட்டகைகளை எடுத்து வாய்க்காலைத் தூர்வார வேண்டுமென்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவன் நானே. கடைக்காரர்களில் ஒருவர் சைக்கிள் ரிப்பேர் செய்பவர். என் சைக்கிளுக்கும் அவர்தான் பஞ்சர் ஒட்டுவார். அவருக்குப் புதிய கடை வரிசையில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வரிசை கட்டி முடிந்ததும் ஏலம் விட்டார்கள்; ஏலத்தில் கேட்கத் தக்க பணம் அவரிடம் இல்லை. இரண்டு கூட்டங்களில் அவருக்காகப் பேசினேன். விதி இடங்கொடுக்கவில்லை என்றார்கள். குளத்தில் தண்ணீர் நின்றது. அவர் ஒரு புளியமரத்தடிக்குப் போனார். அவருடைய கோபத்தை நான் ஒருபோதும் அநியாயம் என்று சொல்லமாட்டேன். அந்தத் தீர்மானத்தை மறுபடி கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவருவேன். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதை வகுப்பறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து நான் கற்றதில்லை, நகராட்சியில் கற்றேன்.

இந்த நிலையில் மறுபடியும் நிற்பதா என்ற கேள்வி வந்தது. என் மனைவிக்கு அதில் சம்மதமேயில்லை. "அஞ்சு வருஷமா காலம்பற காபியைச் சூடாக் குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆனால் சாக்கடை மறுபடி போட்டாகிவிட்டது, சந்துக்கு ரோடு பாக்கி, குடிநீருக்குப் புதிய குழாய்ப் பாதை மதிப்பீட்டிலேயே நிற்கிறது. பாதியில் விட்டுப் போவதற்கு மனம் வரவில்லை. தவிரவும், செய்தவற்றுக்கு ஜனங்கள் என்ன மதிப்புப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. பரீட்சைத்தாள் திருத்தியே வயதானவனுக்குத் தன் தாளை ஒருவர் திருத்திப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்புதானே.

2001ஆம் வருஷத்துச் செப்டம்பரைப்போல் செய்தி நிறைந்த மாதம் அபூர்வம். 11ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. 21ஆம் தேதி, ஜெயலலிதா அம்மையார் முதலமைச்சராக நியமிக்கப்பட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் வார்டுச் சாக்கடைக்குப் பத்திரிகையில் இடம் கிடைக்குமா? ஆனால் பன்னீர்செல்வத்தின் பெயரால் எனக்குத் தேநீர்க்கடையில் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. அவர் 1996இல் நான் ஜெயித்த அதே தேர்தலில் பெரியகுளம் நகராட்சித் தலைவராக வந்தவர். "நகராட்சியிலேருந்து போனவருதான் சார் இன்னைக்குக் கோட்டையில இருக்காரு. உங்களுக்கும் யோகம் எப்படியிருக்கோ!" என்று பரிகாசம் செய்தார்கள். அந்தப் பரிகாசத்தில் ஒரு துளி நம்பிக்கையும் கலந்திருந்ததை நான் கவனிக்காமலில்லை.

சுயேச்சையாக இரண்டாம் முறை நிற்பவனுக்குள்ள தனிச் சங்கடம் சின்னத்தில்தான் ஆரம்பமாகிறது. கட்சிக்காரனுக்குச் சின்னம் பிதுரார்ஜிதம். சுயேச்சைக்கோ ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக ஒன்றை ஒதுக்குவார்கள். 1996இல் எனக்குப் பூட்டு சாவி. ஐந்து வருஷமாக வார்டு ஜனங்கள், குறிப்பாகப் படிக்கத் தெரியாத வயதான ஸ்திரீகள், என்னைப் 'பூட்டு சாவி வாத்தியார்' என்றே அழைத்துவந்தார்கள். 2001இலும் அதையே கேட்டு எழுதிக் கொடுத்தேன். அதே சின்னத்தை இன்னொருவரும் கேட்டிருந்தார், குலுக்கிப் போட்டார்கள், பூட்டு சாவி அவருக்குப் போய், எனக்கு மேஜை விளக்கு வந்தது. அந்த இன்னொருவர் யார் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். சைக்கிள் ரிப்பேர்க்காரர்தான். அவரைத் தூண்டிவிட்டவர்கள் வேறு சிலர் என்றும், டெபாசிட் பணம் அவருடையதல்ல என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம், ஆனால் கோபம் அவருடைய சொந்தக் கோபம். குலுக்கல் முடிந்து வெளியே வரும்போது அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க வாத்தியாரய்யா" என்றார். நானும் கும்பிட்டேன்.

பிறகு வீடு வீடாகப் போனேன். முதல் தேர்தலில் ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. இப்போது கால்மணி நேரத்துக்குக் குறைந்து எந்த வீட்டிலிருந்தும் வெளிவர முடியவில்லை. மேலண்டைத் தெருவில் ஒருவர் திண்ணையைவிட்டு எழாமலே, "சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப எங்க இருந்தீங்க சார்?" என்றார். அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அவர்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அடுத்த வீட்டு அம்மாள் என்னை உட்காரவைத்து, தன் மாமியாருக்கு உதவித் தொகை வாங்கித் தந்ததற்காக மனமுருக நன்றி சொன்னார். அது நான் செய்ததல்ல; தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தாமாகச் செய்தது. அப்படியும் சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. செய்யாததற்குக் கிடைத்த நன்றியையும், செய்ததற்குக் கிடைத்த வசவையும் கூட்டிக் கழித்தால் கணக்கு ஒருவாறு நேராகிவிடும் என்று எண்ணிக்கொண்டேன்.

கீழண்டைச் சந்தில் குழாயடியில் வசமாகச் சிக்கிக்கொண்டேன். குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண், குடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, "அஞ்சு வருஷத்துக்கு அப்பறந்தான் இந்தச் சந்துக்கு வழி தெரிஞ்சுதா?" என்று தொடங்கி, குழாய், சரளை, கொசு, ரேஷன் மண்ணெண்ணெய், தன் புருஷனுடைய சாராயம் வரைக்கும் எல்லாவற்றையும் என் தலையில் போட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னுடன் வந்த பையன்கள் கோபப்பட்டு ஏதோ சொல்லப்போக, கையமர்த்தினேன். இவ்வளவையும் கொட்டி முடித்தபின் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, எந்தச் சின்னம்? அதே பூட்டுதானே?" என்றாள். வசவுக்கு நடுவே எனக்கு வாக்களிக்கவும் அவள் தீர்மானித்திருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. இல்லையம்மா, மேஜை விளக்கு என்றேன். "அது என்ன விளக்கு? எங்க வூட்ல மேஜையே கிடையாதே!" என்றாள்.

முன்பு இருந்த தனி அலுவலரை யாரும் இப்படிப் பேசியிருக்க முடியுமா என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். 1991க்கும் 1996க்கும் இடையில் அந்தக் குழாயில் தண்ணீர் இன்னும் மெலிதாகத்தான் வந்தது; ஆனால் அப்போது அவள் யாரைத் திட்டினாள்? கணவனையும் பக்கத்துக் குடத்துக்காரியையும் திட்டியிருப்பாள். திட்டுவதற்கென்று சட்டபூர்வமாக ஓர் ஆளை ஏற்படுத்தி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அவன் தானாகவே வாசலுக்கு வந்து நிற்கும்படி செய்ததைத்தான் நான் 74ஆவது திருத்தத்தின் மெய்யான பிரயோஜனமாகக் கருதுகிறேன். ஆயினும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரசாரம் நடந்த நாட்கள் மகாளய பட்சம். பித்ருக்கள் பூலோகத்துக்கு இறங்கிவரும் காலம் என்பது ஐதீகம். எங்கள் வார்டு வாக்காளர் பட்டியலில் காலமானவர்கள் பலருடைய பெயர்கள் நீக்கப்படாமலே இருந்தன. அவர்களில் சிலர் தர்ப்பணத்தை வாங்கிக்கொண்டதோடு நில்லாமல், வாக்குச் சாவடிக்கும் வந்து விரலில் மை வைத்துக்கொண்டு போனதாக வாக்குப்பதிவு முடிந்த பிறகு தெரியவந்தது. என் தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர், காலமாகி மூன்று வருஷம் ஆனவர், காலை எட்டரை மணிக்கே வாக்களித்துவிட்டார். உயிரோடிருந்தால் எனக்குத்தான் போட்டிருப்பார். இப்போது யாருக்குப் போட்டாரோ! மைசூரில் செய்த அந்த அழியாத மை மானிடர்களின் விரலில்தான் அழியாமலிருக்கும் போலும்.

வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு, கவுன்சிலருக்கு ஒன்று, நகராட்சித் தலைவருக்கு ஒன்று. அந்தக் காலத்தில் தலைவரையும் ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி அபிமானிகள் தலைவருக்கு ஒரு சின்னத்தில் முத்திரை குத்திவிட்டு, அதே கைவாக்கில் மற்றச் சீட்டிலும் அதே சின்னத்தைத் தேடிக் குத்தினார்கள். "உங்களுக்குப் போடணும்னுதான் சார் போனேன், கை பழக்கத்துல போயிடுச்சு" என்று ஒரு பழைய மாணவன் பிறகு என்னிடம் வருத்தப்பட்டான். பகல் பொழுதில் மழை பிடித்துக்கொண்டது. மேலண்டைத் தெருச் சாக்கடை அன்றைக்கு மிக ஒழுங்காக ஓடிற்று. அதை வந்து பார்க்க மழையில் ஒருவரும் இல்லை.

எண்ணிக்கையன்று சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து அடுக்கும்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மேஜை விளக்குக் கட்டு கட்சி வேட்பாளரின் கட்டைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. பூட்டு சாவிக் கட்டு அந்த வித்தியாசத்தைவிட நன்றாகவே உயரமாக இருந்தது. சைக்கிள் ரிப்பேர்க்காரருடைய கோபத்துக்கு விழுந்த வாக்கு எத்தனை, பழைய ஞாபகத்தில் எனக்கென்று விழுந்த வாக்கு எத்தனை என்பதை எந்த மறு எண்ணிக்கையாலும் கண்டுபிடிக்க முடியாது. மறு எண்ணிக்கை கேட்கும்படி சிலர் வற்புறுத்தினார்கள். எண்ணினவர்களும் என் மாணவர்களே. அவர்களுடைய கணக்கில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. ஜெயித்த இளைஞனும் ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன்தான். மாலையோடு என் வீட்டுக்கு வந்து காலைத் தொட்டான். என் மனைவி அவனுக்குச் சூடாகக் காபி கொடுத்தாள்.

அடுத்த மாதமே குழாயில் தண்ணீர் வரவில்லை. காலையில் ஆறு மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். 'இது என் வேலை அல்ல' என்று அவனும் சொன்னான். அப்புறம் எப்போது வரட்டும் என்று நானும் கேட்டேன்.

2006இல் சுழற்சி முறைப்படி எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றை நடத்திவந்த ஒரு பெண்மணி வென்றார். எனக்குத் தெரிந்தவரையில் எங்கள் வார்டில் இரண்டாம் முறையும் ஜெயித்த கவுன்சிலர் அவர் ஒருவரே. 2011இல் மறுபடியும் வந்தார். அதற்கு அவர் கையாண்ட முறையை நான் நேரில் பார்த்தேன். ஐந்து வருஷமும் ஒரு நீள நோட்டில், எந்த வீட்டிலிருந்து என்ன புகார் வந்தது, அது என்ன ஆயிற்று என்று எழுதிவைத்திருந்தார். வாக்குக் கேட்கப் போனபோது கும்பிட்ட கையோடு அந்த நோட்டைப் பிரித்து, "உங்க வீட்லேருந்து நாலு தடவை வந்தீங்க, ரெண்டு முடிஞ்சது, ரெண்டு முடியலை" என்று அவரே வாசித்துவிடுவார். திட்டுவதற்குத் தயாராக இருந்தவர்கள் திகைத்துப்போய், முடியாத இரண்டும் ஏன் முடியவில்லை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் வீட்டுப் பக்கத்தில் முடியாதவை அதிகம் இருந்தன. நானும் அவருக்குத்தான் வாக்களித்தேன்.

அதன்பிறகு 2016 அக்டோபரில் வரவேண்டிய தேர்தல், வேட்புமனுக்கள் தாக்கலான பிறகு நீதிமன்ற உத்தரவால் ரத்தாயிற்று. மறுபடியும் தனி அலுவலர். மறுபடியும் மேஜை மேஜையாக அலைச்சல். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேற்பட்ட காலத்தில் எங்கள் வாய்க்காலின்மேல் மறுபடியும் பலகைகள் வந்துவிட்டன. எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர மன்றமும் இல்லை, எடுத்தால் கோபித்துக்கொண்டு தேர்தலில் நிற்பதற்குத் தேர்தலும் இல்லை.

2022இல் வந்தவர்கள் மீண்டும் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும்போது, அவர்களை நன்றாகத் திட்டுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் திட்டி முடித்தபின் இரண்டு கேள்வியும் கேளுங்கள்: வரித் தீர்மானம் வந்த அன்று கூட்டத்தில் உள்ளே இருந்தீர்களா, வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தீர்களா? உங்கள் சின்னம் போன தடவை இருந்த அதே சின்னந்தானா?